உலக அரசியல் கார்ட்டூன்களின் உள்ளர்த்தத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் கார்ட்டூன்களைப் பார்த்தால் சிரிப்பதா, கோபப்படுவதா என்றே தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அண்ணா நகரில் அறை எடுத்து சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கும் என் அக்கா மகனுக்கும் இதே பிரச்சினைதான். "மாமா, இதுல கரடி யாரு?" என்று வாட்ஸப்பில் படம் வந்துவிடும்.

கரடி ரஷ்யா. கழுகோ, நட்சத்திரத் தொப்பி போட்ட ஆட்டுத்தாடிக்காரரோ வந்தால் அமெரிக்கா. டிராகன் சீனா, சிங்கம் பிரிட்டன், நமக்குப் பெரும்பாலும் யானை. இதைத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். ஆனால் படத்தில் யார் யார் என்பதோடு அது நின்றுவிடும். நான் அவனிடம் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: எந்தத் தேதியில் வந்தது, எந்த ஊர்ப் பத்திரிகையில் வந்தது?

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு லண்டன் கார்ட்டூனிஸ்ட் டேவிட் லோ வரைந்த படம் ஒன்று போதும். ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றி, குனிந்து வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். வாயில் வருவதெல்லாம் வசவு: ஒருவர் 'உலகத்தின் கழிசடை நீங்கள்தானே' என்கிறார், மற்றவர் 'தொழிலாளர்களைக் கொன்ற கொலைகாரர் தாங்கள்தானே' என்கிறார். நடுவில் ஒரு பிணம். லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்டில் அது வந்த நாள் 1939 செப்டம்பர் 20. ஆகஸ்ட் 23ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன; செப்டம்பர் 1ல் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது, 17ல் மறுபக்கத்திலிருந்து சோவியத் படை வந்தது. இப்போது அந்தப் பிணம் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குனிந்த மரியாதை ஒப்பந்தம். வசவு, அதுவரை இருவரும் மேடையில் பேசிவந்த பேச்சு. தேதியை எடுத்துவிட்டால் யாரோ இரண்டு பேர் கும்பிடு போடுகிற படம்தான் மிஞ்சும்.

ஊர் விஷயம் இன்னும் சிக்கல். 2014ல் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியதும் நியூயார்க் டைம்ஸ் ஒரு கார்ட்டூன் போட்டது. உயர்மட்ட விண்வெளி கிளப் என்று எழுதிய அறைக்குள் கோட் போட்டவர்கள். வெளியே தலைப்பாகைக்காரர் ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டுகிறார். இங்கே பெரிய கோபம் கிளம்ப, பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. விண்வெளி பணக்கார மேற்கத்திய நாடுகளின் சொத்து இல்லை என்று காட்டுவதே நோக்கம் என்றும் சொன்னது. அதாவது கேலி உள்ளே இருப்பவர்கள் மீதாம். இருக்கலாம். ஆனால் இந்தியா என்றதும் விஞ்ஞானியை விட்டுவிட்டு மாடு வந்ததே, அந்தத் தேர்வுக்கு எந்த விளக்கமும் போதாது என்பது என் கட்சி. 2023ல் ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் வார இதழிலும் அதே கதை: மக்கள்தொகையில் சீனாவை முந்துகிறோம் என்பதற்கு, கூரை மேலெல்லாம் ஆள் ஏறிய இந்திய ரயில் ஒன்று சீனாவின் நவீன ரயிலைத் தாண்டிப் போனது. பெரம்பூரில் வந்தே பாரத் ரயில் செய்து அனுப்புகிற ஊர்க்காரனுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா?

அதனால் யார் பெரிதாக, யார் சின்னதாக இருக்கிறார்கள், யாருக்கு என்ன உடை என்பதைப் பார்க்கும்போதே, இதை யார் வாசிப்பதற்காக வரைந்தார்கள் என்றும் யோசியுங்கள்.

புரியவில்லை என்று வெட்கப்படவும் வேண்டாம். 1906ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப்படம் போட்டபோது, கூடவே அதற்கு விளக்கமும் எழுதினார்.

வாட்ஸப்பில் வருவதில்தான் தொல்லை. தேதியையும் கையெழுத்தையும் வெட்டிவிட்டு, பழைய படத்தை நேற்றையது போல அனுப்புவார்கள். கூகுள் லென்ஸில் போட்டால் பெரும்பாலும் மூலப் படம் கிடைத்துவிடும். கிடைத்த பிறகு, அந்தத் தேதிக்கு முந்தைய ஒரு வாரத்துச் செய்திகளைத் தேடிப் படியுங்கள். எதுவும் கிடைக்காத படத்துக்கு நான் அர்த்தம் சொல்வதில்லை. அக்கா மகனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.