இம்ப்ளான்ட் பல்: வைத்த பிறகு யார் பார்ப்பார்கள்?

பல் இம்ப்ளான்ட் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "எவ்வளவு ஆகும்?" அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இத்தனை வருடம் பல் கட்டும் வேலையில் இருந்ததில், பணம் அதிகம் கொடுத்துவிட்டோமே என்று வருந்தி வந்தவர்களைவிட, "வைத்த டாக்டரைத் தேடிப் போனேன், அங்கே க்ளினிக்கே இல்லை" என்று வந்தவர்கள்தான் என்னை அதிகம் கவலைப்பட வைத்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு டாக்டர் பிரிட்ஜ் போதும் என்கிறார், இன்னொருவர் இம்ப்ளான்ட் என்கிறார். இம்ப்ளான்ட் என்பது உண்மையில் என்ன? எனக்கு எது சரி? — வாசகர், கும்பகோணம்

இம்ப்ளான்ட் என்பது பல் இல்லை. பல்லின் வேர் இருந்த இடத்தில், தாடை எலும்புக்குள் வைக்கிற டைட்டானியம் ஸ்க்ரூ. பெரும்பாலும் 3.5 முதல் 5 மில்லிமீட்டர் பருமன், 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதன் மேல் அபட்மென்ட் என்கிற சிறு தண்டு, அதற்கு மேல் பல் வடிவத்தில் கேப். கண்ணாடியில் நீங்கள் பார்க்கப்போவது கேப்பை மட்டும்தான்.

உலோகத்தை எலும்பு எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். 1950களில் ஸ்வீடனில் பெர்-இங்வார் ப்ரோனமார்க், முயலின் கால் எலும்புக்குள் நடக்கும் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. 1965ல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு இதே முறையில் பல் வைத்தார். லார்சன் 2006ல் இறக்கும் வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அந்த இம்ப்ளான்ட்டுகள் அவர் வாயில் இருந்தன.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்ஜ் என்றால், இரண்டு பக்கத்துப் பற்களிலும் கேப் மாட்டி, அவற்றோடு சேர்த்து நடுவில் ஒரு செயற்கைப் பல்லைத் தாங்க வைப்பது. அதற்கு அந்த இரண்டு பற்களையும் சுற்றிலும் செதுக்க வேண்டும். அந்த இரண்டும் சொத்தையோ அடைப்போ இல்லாத நல்ல பற்களாக இருந்தால், அவற்றைச் செதுக்க எனக்கு மனம் வராது, இம்ப்ளான்ட்தான் சொல்வேன். ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து எப்படியும் கேப் போட வேண்டிய பற்கள் என்றால் பிரிட்ஜ் நியாயமான யோசனை. எதுவானாலும் தள்ளிப்போடாதீர்கள். பல் எடுத்த முதல் வருடத்தில்தான் எலும்பின் அகலம் வேகமாகக் குறையும். பக்கத்துப் பல் காலியிடத்தில் சாயும், மேல் பல் கீழே இறங்கி வரும்.

அம்மாவுக்கு 64 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. கழற்றி மாட்டும் பல் செட் அவருக்கு ஒத்துவரவில்லை. இம்ப்ளான்ட் வைக்கலாமா? — வாசகி, மதுரை

வைக்கலாம். வயதும் தடை இல்லை, சர்க்கரை இருப்பதும் தடை இல்லை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரைதான் தடை. எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரியைப் பாருங்கள். 7க்குப் பக்கத்தில் இருந்தால் தயங்க வேண்டாம். 8ஐத் தாண்டியிருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வரச் சொல்வேன். புண் ஆறுவதும் எலும்பு ஒட்டுவதும் அந்த அளவில் தடுமாறும்.

ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு ஏதாவது எடுக்கிறாரா? வாரம் ஒரு முறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, வருடம் ஒரு முறை போடும் ஸோலெட்ரோனிக் ஆசிட் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசி, இவற்றில் எதுவாக இருந்தாலும் பல் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அரிதாக, தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிகிற நிலைமைக்கு இவை கொண்டுபோகும். "எலும்புக்குச் சத்து மாத்திரை" என்று நினைத்துப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளையும் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனால் போதும்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

மூன்றே நாளில் நிலையான பல் என்று விளம்பரம் பார்த்தேன். என் தம்பிக்கு ஆறு மாதம் ஆனது. யார் சொல்வது சரி? — வாசகர், ஈரோடு

இரண்டும் நடக்கிற விஷயம்தான். ஸ்க்ரூவை வைத்த அன்று அது நிற்பது, மரத்தில் திருகிய ஆணி நிற்பது மாதிரி, வெறும் இறுக்கத்தால். அடுத்த சில வாரங்களில் சுற்றியுள்ள பழைய எலும்பு கரைந்து புது எலும்பு உருவாகும். அந்த இடைவெளியில், ஏறத்தாழ மூன்றாவது நான்காவது வாரத்தில், பிடிமானம் முதல் நாளைவிடக் குறைவாகவே இருக்கும். அப்போது கடித்து அசைத்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து ஸ்க்ரூ ஆட ஆரம்பித்துவிடும். அதனால்தான் கீழ்த்தாடையில் இரண்டு மூன்று மாதமும், எலும்பு மென்மையான மேல்தாடையில் நான்கிலிருந்து ஆறு மாதமும் காத்திருக்கிறோம்.

தாடை முழுவதற்கும் நான்கு, ஆறு ஸ்க்ரூக்கள் வைத்து, எல்லாவற்றையும் ஒரே பாலமாக இணைத்தால் ஒன்றை ஒன்று தாங்கும். அப்போது சில நாளிலேயே பல் மாட்டலாம். ஆனால் அது பெரும்பாலும் தற்காலிகப் பல். சில மாதம் மென்மையான சாப்பாடுதான். ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் தம்பியின் டாக்டர் பொறுமையாகச் செய்திருக்கிறார்.

எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பல் க்ளினிக். எல்லாப் போர்டிலும் 'இம்ப்ளான்ட் ஸ்பெஷலிஸ்ட்' என்று இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது? — வாசகி, திருப்பூர்

இந்தியாவில் இம்ப்ளான்ட்டுக்கென்று தனி எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) பட்டம் கிடையாது. பல் கட்டும் துறை, ஈறுத் துறை, வாய்-தாடை அறுவைத் துறை என்று மூன்று எம்.டி.எஸ். படிப்புகளில் இது பாடமாக வருகிறது. பி.டி.எஸ். முடித்துத் தனியாகப் பயிற்சி எடுத்து மிக நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே போர்டில் உள்ள வார்த்தையை விட்டுவிடுங்கள். தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். அப்புறம், எங்கே கற்றார், எத்தனை வருடமாகச் செய்கிறார் என்று நேராகவே கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதைவிட முக்கியம், முதல் தடவை போகும்போது அவர் என்ன செய்கிறார் என்பது. காலியிடத்தை மட்டும் பார்த்துவிட்டு விலை சொன்னால் எழுந்து வந்துவிடலாம். வாய் முழுவதையும், ஈறுகளையும், நீங்கள் கடிக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். இரவில் பல் கடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்க வேண்டும். அப்புறம் சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் எடுக்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது.

அந்த ஸ்கேனைக் கணினியில் காட்டச் சொல்லுங்கள். கீழ்த்தாடையைக் குறுக்கே வெட்டிய படம் ஒன்று இருக்கும். ஓரத்தில் வெள்ளையான கெட்டி எலும்பு, உள்ளே சாம்பல் நிறத்தில் கடற்பஞ்சு மாதிரி, அதற்குள் மிளகளவு ஒரு கருவட்டம். அதுதான் கீழுதட்டுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பின் குழாய். ஸ்க்ரூவின் நுனிக்கும் அந்த வட்டத்துக்கும் நடுவே குறைந்தது 2 மில்லிமீட்டர் விட வேண்டும். நரம்பு நசுங்கினால் உதடு மரத்தபடியே இருக்கும். காபி வழிந்தாலும் தெரியாது. மேல்தாடை என்றால் சைனஸ் காற்றறை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் உட்கார்ந்து இதை விளக்குகிற டாக்டரிடம் தாராளமாகப் போங்கள்.

சுத்தத்தையும் கவனியுங்கள். எலும்பில் துளை போடும்போது சூடேறும். 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அந்த இடத்து எலும்பு பாதிக்கப்படும். அதனால் சலைன் நீரை விடாமல் பீய்ச்சிக்கொண்டே துளைப்பார்கள். அந்த நீர் நேராக உங்கள் எலும்புக்குள் போகிறது. நேற்று திறந்து மீதி வைத்த பாட்டிலாக இருக்கக்கூடாது. உங்கள் முன்னால் புதிதாகத் திறக்கச் சொல்லுங்கள். கருவிகள் ஆட்டோக்ளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் பெட்டி) வைத்த சீல் பாக்கெட்டிலிருந்து வர வேண்டும். பாக்கெட்டில் இருக்கும் அடையாளம் நிறம் மாறியிருப்பதை நீங்களே பார்க்கலாம்.

சின்ன ஊர்களில், ஞாயிற்றுக்கிழமை வெளியூர் டாக்டர் வந்து ஸ்க்ரூ வைத்துவிட்டுப் போவார், உள்ளூர் டாக்டர் கேப் போடுவார். இதில் தவறில்லை. ஆனால் பிரச்சினை என்றால் யாரிடம் வர வேண்டும் என்பதை ஸ்க்ரூ வைப்பதற்கு முன்பே தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கரையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு இம்ப்ளான்ட் டப்பாவிலும் கம்பெனி பெயர், அளவு, லாட் நம்பர் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆதார் அட்டையைப் போலப் பத்திரமாக வையுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். ஆறு வருடத்துக்கு முன் வேறு ஊரில் வைத்த பல், இப்போது கேப் ஆடுகிறது. உள்ளே இருக்கும் சிறு திருகாணி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் என்ன கம்பெனி என்று அவருக்குத் தெரியாது, வைத்த க்ளினிக் மூடிவிட்டது. எக்ஸ்ரேயில் தெரிந்த மரை வடிவத்தைக் கேட்டலாக் படங்களோடு ஒப்பிட்டு, டிரைவர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து இரண்டு சாயங்காலம் போனது. கடைசியில் கேப்பை அறுத்துத்தான் எடுத்தேன். அவர் மறுபடியும் செலவு செய்ய வேண்டியதாயிற்று. ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

கொரியா ஸ்க்ரூ ஒரு விலை, சுவிஸ் ஸ்க்ரூ ஒரு விலை சொல்கிறார்கள். விலை அதிகமானதுதான் நல்லதா? — வாசகர், சென்னை

தமிழ்நாட்டில் ஒரு பல்லுக்குச் சுமார் 25,000 ரூபாயிலிருந்து 50,000 வரை கேட்கிறார்கள், சில இடங்களில் அதற்கு மேலும். சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமன், ப்ரோனமார்க் வழியில் வந்த நோபெல் பயோகேர் ஆகியவை விலை கூடியவை. இவற்றுக்குப் பல வருட ஆய்வுப் பின்புலம் இருக்கிறது. கொரியாவின் ஆஸ்டெம் விலை குறைவு, நம் ஊரில் பரவலாகவும் வைக்கப்படுகிறது. நான் பார்ப்பது, பத்து வருடம் கழித்தும் உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதை. கிடைக்கும் கம்பெனி என்றால் நடுத்தர விலையே போதும். நல்ல கையில் சாதாரண ஸ்க்ரூ நிற்கும். தப்பான இடத்தில் வைத்த விலை உயர்ந்த ஸ்க்ரூ நிற்காது.

சொல்கிற தொகையில் ஸ்கேன், அபட்மென்ட், கேப், தேவைப்பட்டால் எலும்பு குறைந்த இடத்தை நிரப்பும் எலும்புப் பொடி எல்லாம் சேர்த்தியா என்று எழுதி வாங்குங்கள். கையில் பணம் இல்லை, நேரம் இருக்கிறது என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள். பேராசிரியர்கள் மேற்பார்வையில் எம்.டி.எஸ். மாணவர்கள் செய்வார்கள். நடை அதிகம், செலவு குறைவு.

மகனுக்கு 16 வயது. கிரிக்கெட் பந்து பட்டு முன்பல் போய்விட்டது. உடனே இம்ப்ளான்ட் வைக்கலாமா? — வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம். தாடை இன்னும் வளரும், இம்ப்ளான்ட் வளராது. சில வருடத்தில் அந்தப் பல் மட்டும் மேலே ஏறியதுபோல் குட்டையாகத் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு 18, பையன்களுக்கு 20, 21 வரை பொறுக்க வேண்டும். அதுவரை பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் பல் போதும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

மற்ற பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து எடுத்து, குளிர்ந்த பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். பல நேரம் அதே பல்லைத் திரும்ப வைத்துவிடலாம்.

வைக்கும்போது வலிக்குமா? பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? — வாசகர், நாகர்கோவில்

மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்வார்கள். பல் பிடுங்கியதைவிட இது எளிதாக இருந்தது என்றுதான் பலர் சொல்கிறார்கள். இரண்டு மூன்று நாள் வீக்கம் இருக்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினால் உடனே காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நான்கு வருடத்துக்கு முன் வைத்த இம்ப்ளான்ட். வலி இல்லை, ஆனால் பிரஷ் செய்தால் அந்த இடத்தில் மட்டும் ரத்தம் வருகிறது. விட்டுவிடலாமா? — வாசகி, சேலம்

விடாதீர்கள். இம்ப்ளான்ட்டில் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும். உள்ளே பல் நரம்பு இல்லாததால் வலி வந்து எச்சரிக்காது. ரத்தம்தான் முதல் எச்சரிக்கை. படிந்த அழுக்கு, கேப் ஒட்டியபோது ஈறுக்கடியில் மாட்டிக்கொண்ட சிமென்ட் துணுக்கு, பழைய ஈறு நோய், இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். ஈறு மட்டும் வீங்கிய நிலை என்றால் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். எலும்பு இறங்க ஆரம்பித்துவிட்டால் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

புது எக்ஸ்ரே எடுத்து, கேப் போட்ட அன்று எடுத்த பழைய எக்ஸ்ரேயோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்புக்கு மேலே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். அன்று ஒன்று, இன்று மூன்று என்றால் இரண்டு மரை அளவு எலும்பு போயிருக்கிறது. இடுக்கில் நுழைகிற சிறு பிரஷ்ஷை உங்கள் இடைவெளிக்கு ஏற்ற அளவில் டாக்டரிடமே கேட்டு வாங்கி, தினமும் இரவில் இரண்டு பக்கமும் விட்டு எடுங்கள். இந்த வாரமே போய்விடுங்கள். போகும்போது அந்த ஸ்டிக்கரும் கையில் இருக்கட்டும்.