கப்பல் எண்ணும் கால் பணமும்: நினைவுக் கலை பற்றிக் கேட்டவர்களுக்கு

நவம்பர் 16 நெருங்கினால் எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். 1860இல் அந்த நாளில்தான் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து, முதல் ஒப்பந்தக் கூலிகளான 342 பேரோடு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குள் வந்தது. பள்ளி, கோயில், சங்கம் என்று எல்லோருக்கும் அந்த வாரத்தில் ஏதாவது ஒரு நிகழ்ச்சி வேண்டும். டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் ஒரு தையல் வட்டமும், ஆள் கிடைக்கும்போது கூத்தும் நடத்துகிறேன் என்பதால் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பள்ளி ஆசிரியை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அக்கா, ஒப்பந்தக் கூலிகளின் நினைவாகப் பள்ளிச் சுவரில் ஓவியம் வரையப் போகிறோம். கப்பல், கரும்புத் தோட்டம், தில்லையாடி வள்ளியம்மை ஆகியவை இருந்தால் போதுமா?

போதும், இதுவரை வரைந்த எல்லாச் சுவர்களையும் போல உங்கள் சுவரும் இருக்கும். வள்ளியம்மையின் படம் ஒவ்வொரு முறை நகலெடுக்கப்படும்போதும் கொஞ்சம் அழகாகிக்கொண்டே போகிறது. கன்னம் நிறைகிறது, பொட்டு பெரிதாகிறது. காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போன அந்தப் பெண், அங்கே பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தவர். கடைசி நாட்களில் பார்க்கப் போன காந்தி, அந்த மெலிந்த உடலைப் பார்க்கவே பயமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று கேட்டதற்கு, இப்போது பிடித்தாலும் மறுபடி போகத் தயார் என்றாராம். அவர் அடைபட்டிருந்தது உங்கள் ஊர்ச் சிறையில். பிள்ளைகளை அந்தப் பக்கம் ஒரு நடை அழைத்துப் போங்கள். திரும்பி வந்தபின் எதை வரையலாம் என்று அவர்களையே கேளுங்கள். கப்பலை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

பெயர் வேண்டாம் என்றவர், டொங்காட்: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் கப்பல் எண் கிடைத்துவிட்டது. சட்டம் போட்டு மாட்டுவதைத் தவிர அதை வைத்து என்ன செய்யலாம்?

1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தத்தில் வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கு ஓர் எண் உண்டு. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். எண் கிடைத்ததும் நம்மவர்கள் நேராக ஊர்ப்பெயரையும் சாதியையும் தேடுகிறார்கள். நான் சொல்வது, கப்பலில் வந்தவர்களின் பதிவேட்டில் அந்த எண்ணுக்குரிய வரியின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். உயரம் எழுதியிருப்பார்கள். உடலில் என்ன அடையாளம் என்று எழுதியிருப்பார்கள். தழும்பு, மச்சம், பச்சை குத்தியது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதி வைத்தது. ஆனால் படமே இல்லாத ஒரு மனிதரின் உடம்பைப் பற்றி நமக்கு இன்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான்.

எங்கள் வட்டத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய பாட்டனாருக்கு இடது முழங்காலில் தழும்பு என்று பதிவு. வெள்ளைத் துணியில் அந்தத் தழும்பை மட்டும் தைத்தார். பழுப்பு நூலில் ஓர் அங்குல நீளம், பக்கத்தில் எண். முடித்த பிறகு பேரன் வந்து பார்த்துவிட்டு, கடைசி இலக்கம் 3 இல்லை, 8 போல இருக்கிறது என்றான். குமாஸ்தாவின் கையெழுத்து அப்படி. எல்லோரும் பிரித்துவிட்டுத் தைக்கச் சொன்னோம். அவர் பிரிக்கவில்லை. கீழே இன்னொரு எண்ணையும் தைத்தார். "இரண்டு பேரில் ஒருவருக்குக் காலில் தழும்பு இருந்தது, அவ்வளவுதானே" என்றார்.

துணியில் நினைவைத் தைக்கும் வழக்கத்தை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. 2000த்தில் டர்பனில் தொடங்கிய அமாஸ்வி அபெசிஃபசானே என்ற திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் ஜூலு கிராமத்துப் பெண்கள், மறக்க முடியாத ஒரு நாளைத் தைத்துக் கொடுத்தார்கள். 'பெண்களின் குரல்கள்' என்று பொருள். பாசிமணியும் நூலும் வைத்து, எரியும் வீட்டை உள்ளங்கை அகலத்தில் தைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

இளைஞர், ஃபீனிக்ஸ்: ஆன்ட்டி, கோபப்பட வேண்டாம். 2021 ஜூலைக் கலவரத்தில் போலீஸ் வரவில்லை. எங்கள் தெருவை நாங்களேதான் காத்தோம். அப்போது இங்கே இறந்தவர்களுக்கும் உங்கள் வட்டத்தில் துணி தைத்ததாகக் கேள்விப்பட்டேன். இந்த நாட்டில் நாமும் அடிபட்டவர்கள்தானே? நம்மை நாமே ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்?

கோபமில்லை தம்பி. அந்த வாரத்துப் பயம் உண்மை. கடைகள் எரிந்த புகை எங்கள் சமையலறை வரை வந்தது. என் மகனும் தெருமுனையில் நின்றான். இரவு ஒரு மணிக்கு அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். ஆனால் இந்தியர் பெரும்பாலாக வாழும் உங்கள் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். தோலைப் பார்த்து வண்டியை மறித்த தடுப்புகள் இருந்தன என்பதை நீயும் அறிவாய், நானும் அறிவேன்.

1949ஐ எடுத்துக்கொள். ஜனவரி 13 மாலை, டர்பன் விக்டோரியா தெருச் சந்தைப் பக்கம் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை இந்தியக் கடைக்காரர் ஒருவர் அடித்ததில் தொடங்கிய கலவரம். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அதைச் சொல்லும்போது, எரிந்த வீடுகள், கரும்புக் காட்டுக்குள் ஒளிந்த இரவு, செத்துப்போன ஐம்பது இந்தியர் என்று சொல்லி நிறுத்திவிடுவார். மொத்தம் இறந்தவர்கள் 142 பேர், அதில் 87 பேர் ஆப்பிரிக்கர்கள், பலர் போலீஸ், ராணுவத் துப்பாக்கிகளுக்கு இரையானவர்கள் என்று நான் படித்தபோது எனக்கு முப்பது வயது. ஆயா பொய் சொல்லவில்லை. ஐம்பதோடு அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. ஆனால் அந்த மீதி எண்ணைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏன் முப்பது வருடம் ஆயிற்று?

ஜூலைக்குப் பிறகு நாங்கள் தைக்க உட்கார்ந்தபோது எல்லோரும் புறா தைத்தார்கள். வெள்ளைப் புறா, நீலப் புறா, வாயில் இலை வைத்த புறா. பக்கத்துப் பம்பாயி குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். காந்தியின் ஃபீனிக்ஸ் ஆசிரமத்தைச் சுற்றி வளர்ந்த இடம் அது. தையல் ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த வாரம் எங்கள் பக்கம் யாரும் புறாவைப் பார்க்கவில்லையே என்றார். அத்தோடு புறா நின்றது. பிறகு ஒருவர் டயரைத் தைத்தார். ஒருவர் சாலை நடுவே போட்டிருந்த தோட்டத்து நாற்காலியைத் தைத்தார். நான் என் பிளாஸ்கைத் தைத்தேன். சிவப்பு மூடி, அதில் ஒரு சொட்டை. கண்காட்சியில் அது எதற்கு என்று பலர் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது. கூண்டு என்கிறாயே, அதில் அவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, தம்பி. நீயும் ஒரு நாள் வா.

கல்லூரி மாணவி, டர்பன்: தெருக்கூத்தை எங்கள் வீட்டில் இன்னமும் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். அது புராணக் கதை. அநியாயத்துக்குப் பதில் சொல்லும் கலையில் அதை எப்படிச் சேர்க்கிறீர்கள்?

அரிச்சந்திரன் கதையை ஒரு முறை இந்த ஊர்க் கண்ணோடு பார். கடனுக்காக அரசன் தன் மனைவியையும் மகனையும் விற்று, தன்னையும் விற்றுக்கொள்கிறான். சுடுகாடு காக்கும் வேலை. பாம்பு கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மனைவி வருகிறாள். கால் பணமும் முழத்துண்டும் வைத்தால்தான் எரிக்கலாம் என்று பெற்ற மகன் பிணத்துக்கே வரி கேட்கிறான்.

இப்போது நேட்டாலுக்கு வா. ஒப்பந்தம் முடிந்த பின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் போடாமலும் இருப்பவன், இங்கே வாழ்வதற்கு ஆண்டுக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் போட்டார்கள். ஒப்பந்தக் கூலியின் முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், அதாவது ஆண்டுக்கு 6 பவுண்டு. அதில் பாதி. பிறகு 1903இல் பதினாறு வயது மகனுக்கும் பதின்மூன்று வயது மகளுக்கும் தனித்தனியே அதே 3 பவுண்டு. பாரக்ஸ் என்ற தோட்டக் குடியிருப்பின் முற்றத்தில் விடிய விடிய உட்கார்ந்து அந்தச் சுடுகாட்டுக் காட்சியைப் பார்த்தவர்களுக்குக் கால் பணம் என்றால் என்ன என்று யாராவது விளக்க வேண்டியிருந்திருக்குமா?

கூத்தில் கட்டியங்காரனுக்கு எப்போதும் ஒரு சலுகை உண்டு. கதைக்கு வெளியே வந்து ஊர் விஷயம் பேசலாம், யாரையும் கிண்டல் செய்யலாம். எங்கள் ஆட்டத்தில் அவன் காக்கிக் கோட்டும் ரசீதுப் புத்தகமுமாக வந்து, பார்வையாளர்களில் இளம்பெண்களைப் பார்த்து, "உனக்கு வயது பன்னிரண்டா, பதிமூன்றா? உண்மையைச் சொல்" என்பான். முதலில் சிரிப்பார்கள். மூன்றாவது பெண்ணிடம் அவன் போகும்போது கூட்டத்தில் சத்தமிருக்காது. நான் எழுதிய வசனம் இல்லை, அந்த நடிகர் தானாகப் பேசியது. அவர் பஸ் ஓட்டுநர்.

ஒரு கோயில் கமிட்டி, கிளேர்வுட்: பணத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

துணி வீட்டிலிருந்து வரும், நூலுக்குச் சமோசா விற்போம். ஒரு முறை ஓர் அலுவலகத்திடம் உதவி வாங்கிச் சுவரோவியம் செய்தோம். எட்டு மாதத்தில் அவர்களே அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய கலையைத்தான் செய்கிறோம்.

சென்னை வாசகர்: உங்கள் துணிகளில் தமிழ் எழுத்தே அரிதாக இருக்கிறதே? மொழியை விட்டுவிட்டு எதை நினைவுகூர்கிறீர்கள்?

ஐயா, இங்கே தமிழ்க் கவிதை ஒப்பிக்கும் போட்டிக்கு ஐஸ்டெட்ஃபட் என்று வேல்ஸ் நாட்டுப் பெயர். கவுண்டர் கோவெந்தர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். எங்கள் பிள்ளைகள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்துப் பாடுகிறார்கள், ராகம் தவறுவதில்லை. மாரியம்மனுக்குக் கூழ் இங்கே கேழ்வரகில் இல்லை, மக்காச்சோள மாவில். எனக்குத் தமிழ் எழுத வரும், அதனால் எழுதுகிறேன். வராதவர் எண்ணைத் தைக்கிறார். சென்னையில் கோ-ஆப்டெக்ஸ் கட்டிடத்துக்கு வள்ளியம்மையின் பெயர் வைத்திருக்கிறீர்களே, அங்கே சேலை வாங்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்று ஒரு நாள் நின்று கேட்டுப் பாருங்கள்.

கேப் டவுன் வாசகர்: டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் மாதிரி கேட்டோ மேனருக்கும் ஒன்று வேண்டாமா?

அந்த அருங்காட்சியகத்தில் எனக்குப் பிடித்தது தரை. 1966இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு, சுமார் 60,000 பேர் விரட்டப்பட்ட அந்த ஊரின் வரைபடத்தைப் பெரிதாகத் தரையில் விரித்து, இருந்தவர்களே வந்து தங்கள் வீட்டை எழுதும்படி விட்டார்கள். தெருப் பெயர்ப் பலகைகளை எடுத்து வைத்திருந்தவரோ, வீடுகளை இடித்த வேலையில் இருந்த ஒருவர்! யார் கையில் எது மிஞ்சும் என்று சொல்லவே முடியாது.

கட்டிடம் கட்ட எங்களால் ஆகாது. ஒரு மண்டபத்துத் தரையில் சாக்பீஸால், டர்பனில் நம்மவர்கள் வாழ்ந்த கேட்டோ மேனரை வரைந்தோம். இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டத்தால் அங்கிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டவர்கள் வயதானவர்களாக வந்தார்கள். கப்பலில் ஓர் எண் கொடுத்தார்கள், இங்கே யூனிட் 3, யூனிட் 5 என்று ஊருக்கே எண் கொடுத்தார்கள் என்று ஒரு தாத்தா சொன்னார். இரண்டு மணி நேரத்தில் தரை நிறைந்தது. மாமரம், கோயில், தண்ணீர்க் குழாய், கடன் தராத கடை. ஆனால் ஓடையை ஒட்டிய ஒரு பெரிய பகுதி மட்டும் வெறுந்தரையாகவே இருந்தது. ம்கும்பானே. ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கக் குடும்பங்கள் தகரக் குடிசை போட்டு இருந்த இடம். பலர் இந்திய நில உரிமையாளர்களுக்கு வாடகை கொடுத்தவர்கள். எங்களில் ஒருவருக்கும் அங்கே இருந்த ஒரு பெயர் தெரியவில்லை. வாடகை எவ்வளவு என்பது மட்டும் இரண்டு பேருக்கு ஞாபகம் இருந்தது.

ஓர் அம்மா, சாட்ஸ்வொர்த்: என் மருமகள் ஜூலுப் பெண். தையல் நன்றாக வரும். உங்கள் வட்டத்துக்கு வர ஆசைப்படுகிறாள், தமிழ் தெரியாதே என்று தயங்குகிறாள். அவள் பாட்டி கேட்டோ மேனரிலிருந்து ஆப்பிரிக்கர்களுக்கென்று ஒதுக்கிய குவாமாஷுவுக்கு அனுப்பப்பட்டவராம்.

அழைத்து வாருங்கள். எங்களிலும் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. சனிக்கிழமை இரண்டு மணி. கத்தரிக்கோல் மட்டும் அவளே கொண்டுவரட்டும், எங்களிடம் இருப்பவை மழுங்கிவிட்டன. பாட்டி இன்னும் இருக்கிறாரா? இருந்தால், எந்த நாள் எத்தனை மணிக்குப் போனால் அவருக்குத் தொந்தரவாக இருக்காது என்று கேட்டுச் சொல்லுங்கள். சாக்பீஸும் வரைபடமும் நான் எடுத்து வருகிறேன்.