அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி துறைக்குள்ளேயே கடைசி மேல்முறையீட்டு அமைப்பான அப்பீல்ஸ் கவுன்சிலும் டிசெபிலிட்டி பணத்தை (வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவித்தொகையை) மறுத்துவிட்டது. கோர்ட்டுக்குப் போனால் புது மெடிக்கல் ரிப்போர்ட்டைக் காட்டலாமா?

பெரும்பாலும் முடியாது. அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி வழக்கில் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் உங்களை மறுபடி விசாரிப்பதில்லை. சாட்சியும் கிடையாது. ஹியரிங் நடத்திய நிர்வாக நீதிபதியின் தீர்ப்பு, ஃபைலில் உள்ள ஆவணங்களை வைத்துப் பார்த்தால் நிற்குமா, சட்டத்தைச் சரியாகப் பின்பற்றினாரா, இவ்வளவுதான் கேள்வி. தீர்ப்பு நிற்கத் தேவையான ஆதாரத்துக்கான அளவுகோல் ஒன்றும் உயரமில்லை என்று 2019இல் பீஸ்டெக் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் 'எனக்கு நிஜமாகவே முடியவில்லை' என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் எடுபடாது.

முதலில் கெடு. கவுன்சில் கடிதம் கைக்கு வந்து 60 நாள். கடிதத் தேதியிலிருந்து 5 நாளில் வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். 'மறுபடி பாருங்கள்' என்று கவுன்சிலுக்கே இன்னொரு மனு போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அதனால் கெடு நிற்காது. அவகாசம் வேண்டுமானால் காரணத்தோடு கவுன்சிலிடம் எழுத்தில் கேளுங்கள்.

மனு ஒன்றிரண்டு பக்கம் போதும். பிரதிவாதி சோஷியல் செக்யூரிட்டி கமிஷனர். ஹியரிங் நீதிபதி அல்ல. கட்டணம் 405 டாலர், வசதி இல்லையென்றால் விலக்கு கேட்கலாம். 2022 டிசம்பரில் வந்த தனி விதிகளின்படி நோட்டீஸை நீதிமன்றமே அனுப்பிவிடும். அரசுத் தரப்பு முழு ஃபைலையும் தாக்கல் செய்த 30 நாளில் உங்கள் எழுத்து வாதம் போக வேண்டும்.

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் அந்த வாதத்தில்தான். தீர்ப்பை ஒரு பக்கமும் ஃபைலை மறுபக்கமும் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடுங்கள். அடிக்கடி மாட்டும் ஓட்டை இது: தீர்ப்பின் நடுவில் 'கவனம் செலுத்துவதில் மிதமான குறைபாடு' என்று நீதிபதியே எழுதியிருப்பார். ஆனால் 'இப்படிப்பட்டவருக்கு வேலை உண்டா?' என்று வேலைவாய்ப்பு நிபுணரிடம் கேட்ட கேள்வியில் 'எளிய வேலை' என்பது மட்டும் இருக்கும், கவனக்குறைவு இருக்காது. எளிய வேலையைச் செய்யத் தெரிவது வேறு, நாள் முழுக்க அதில் மனதை நிறுத்துவது வேறு. காரணம் சொல்லாமல் இதைத் தாண்டிப் போன தீர்ப்பைத்தான் 2015இல் மேசியோ வழக்கில் நான்காவது சர்க்யூட் (ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம்) திருப்பி அனுப்பியது. அடுத்து, சிகிச்சை தரும் டாக்டரின் கருத்து. 2017 மார்ச் 27 முதல் போட்ட விண்ணப்பங்களில் அதற்குத் தனிச் சலுகை இல்லை. ஆனாலும் அந்தக் கருத்துக்கு என்ன அடிப்படை, மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகிறதா என்று நீதிபதி விளக்கியே ஆக வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் ஃபைல் பக்க எண் கொடுங்கள்.

ஜெயித்தாலும் உடனே பணம் வருவது அபூர்வம். பொதுவாக மறு ஹியரிங்குக்குத்தான் அனுப்புவார்கள். நல்ல வக்கீல் கிடைத்தால் விடாதீர்கள். நிலுவைத் தொகையில் 25 சதவீதம்தான் கோர்ட் வேலைக்கான ஃபீஸின் உச்சவரம்பு.

புது ரிப்போர்ட்டை கோர்ட் பார்க்க வேண்டுமானால், அது முடிவை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், முன்பே தராததற்கு நியாயமான காரணமும் வேண்டும். அப்போதும் கோர்ட் அதை எடைபோடாது, வழக்கைத் திருப்பித்தான் அனுப்பும். வழக்கு நடக்கும்போதே புது விண்ணப்பம் போடலாம். அந்த ரிப்போர்ட்டுக்குச் சரியான இடம் அதுதான். ஒன்று மட்டும் பாருங்கள்: வேலை நின்று ஏறக்குறைய 5 ஆண்டில் எஸ்எஸ்டிஐ-க்கான (வேலை செய்து வரி கட்டியதால் கிடைக்கும் டிசெபிலிட்டி இன்ஷூரன்ஸ்) உங்கள் இன்ஷூரன்ஸ் காலம் முடிந்துவிடும். அந்தத் தேதிக்கு முன்பே முடியாமல் போனது என்று ரிப்போர்ட் காட்டாவிட்டால், எஸ்எஸ்டிஐ-க்கு அது உதவாது.