வரிசை தாண்டும் பாஸ்: சேதாரம் பார்த்து வாங்குங்கள்

நீங்கள் கேட்டது இது: மே மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போகிறீர்கள், அதற்கு முன்னால் ஒரு நாள் பெங்களூர் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவும் பார்க்க ஆசை. காசு கொடுத்து வரிசையைத் தாண்டும் எக்ஸ்பிரஸ், ஃபாஸ்ட் டிராக் பாஸ்களை வாங்கலாமா, வாங்கினால் எப்படி முழுசாகப் பயன்படுத்துவது?

வாங்கலாம். ஆனால் வீட்டில் எல்லாருக்கும் வேண்டாம், எல்லா நாளும் வேண்டாம்.

நான் சேலம். சிவதாபுரம் பக்கம் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. எங்கள் தொழிலில் வெள்ளி விலையை எல்லாரும் பேசுவார்கள், சேதாரத்தைத் தெரிந்தவர்கள் மட்டும் பேசுவார்கள். கம்பி இழுக்கும்போது, பற்ற வைக்கும்போது, மெருகு போடும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போவதுதான் கடைசியில் லாபத்தைத் தீர்மானிக்கும். இந்தப் பாஸ் விஷயமும் அப்படித்தான் என்று ஒரு தடவை காசைக் கரைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டு வருடம் முன்னால், மே மாத ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர்ப் பக்கம் ஒரு பூங்காவுக்கு வேன் பிடித்து ஒன்பது பேர் கிளம்பினோம். தர்மபுரி தாண்டும்போதே மச்சினன் ஃபோனை எடுத்துவிட்டான். "மாமா, எல்லாத்துக்கும் ஃபாஸ்ட் டிராக் போட்டுரலாம். ஒவ்வொரு வரிசையிலயும் நின்னா வேலைக்கு ஆவாது" என்றான். எனக்கும் சரியென்று பட்டது. ஆளுக்குக் கூடுதலாக 1,200 ரூபாய், ஒன்பது பேருக்கு 10,800.

நடந்தது என்ன? அம்மாவுக்கு முட்டி வலி. கையில் பாஸ் பட்டையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வேப்பமரத்தடி பெஞ்சில் பைகளுக்குக் காவல் இருந்தார். மச்சினன் மனைவிக்கு உயரம் என்றாலே தலை சுற்றும், குடை ராட்டினத்தைத் தாண்டி எதிலும் ஏறவில்லை. என் பையனை முதல் பெரிய ரைடு வாசலிலேயே அளவுகோலில் நிறுத்தினார்கள், நாலு சென்டிமீட்டர் குறைவு. அவன் அழுததில் என் மனைவியும் பாதி ரைடுகளை விட்டுவிட்டு அவனோடு தண்ணீர்ப் பக்கம் போய்விட்டாள். ஆக, பாஸை உண்மையில் பயன்படுத்தியது ஐந்து பேர். அவர்களுக்கு ஆளுக்குச் சுமார் மூன்று மணி நேரம் மிச்சமாகியிருக்கும், மொத்தம் பதினைந்து மணி நேரம். 10,800-ஐ அதால் வகுத்தால் ஒரு மணி நேரம் 720 ரூபாய். அந்த ஐந்து பேருக்கு மட்டும் வாங்கியிருந்தால் அதே ஒரு மணி நேரம் 400 ரூபாயில் முடிந்திருக்கும். பூங்காவின் மேல் ஒரு தப்பும் இல்லை. உயர விவரத்தையெல்லாம் அவர்கள் இணையதளத்தில் போட்டிருந்தார்கள். படிக்காதது நாங்கள்.

அதனால் முதல் வேலை, டிக்கெட் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் வீட்டுச் சுவரில் பிள்ளைகளை நிறுத்தி அளந்துவிடுங்கள். வொண்டர்லாவில் சிறுவர் டிக்கெட்டே வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்துத்தான். பல பெரிய ரைடுகளுக்கு 140 சென்டிமீட்டர் வேண்டும். சிங்கப்பூரில் ரைடுக்கு ரைடு மாறும்: டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102, மம்மி ரைடுக்கு 122, பேட்டில்ஸ்டார் ரோலர் கோஸ்டருக்கு 125. 110 சென்டிமீட்டர் குழந்தைக்கு எக்ஸ்பிரஸ் வாங்கினால் பாதிக்குப் பாதி சேதாரம்தான். ஷூவுக்குள் அட்டை வைத்து உயர்த்தும் யோசனை உங்களுக்கும் வரும், எனக்கும் வந்தது. வேண்டாம். இருக்கையின் பிடி உடம்பில் சரியாக உட்கார வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது.

இரண்டாவது, பாஸ் என்றால் வரிசையே இல்லை என்று நினைக்காதீர்கள். திருப்பதியில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட் எடுத்தவர்களுக்குத் தனி வரிசை உண்டு, ஆனாலும் நிற்கத்தான் வேண்டும். கூட்ட நாளில் எவ்வளவு நேரம் என்று போய்வந்தவர்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே கதை.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. நான் பழகிக்கொண்டது ஏற்காடு படகு இல்லத்தில். கோடை விழாச் சமயத்தில் அங்கே வரிசை வளைந்து வளைந்து நிற்கும். சும்மா நிற்பதற்குப் பதில் ஐந்து நிமிடத்தில் எத்தனை பேர் படகில் ஏறுகிறார்கள் என்று எண்ணுவேன், எனக்கு முன்னால் நிற்பவர்களை அதால் வகுத்து ஐந்தால் பெருக்குவேன். இதைத்தான் 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கணித முறையில் நிரூபித்தார் என்று பிறகு தெரிந்தது. நம்ம ஊர் ரேஷன் கடையில் பாட்டிகள் மனக்கணக்காகவே போடுவார்கள்.

ரைடில் எப்படி? ஒரு ரோலர் கோஸ்டரில் 24 இருக்கை, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்புகிறது என்று வையுங்கள். மணிக்கு 480 பேர். முன்னால் 240 பேர் நின்றால் அரை மணி நேரம். இப்போது ஒவ்வொரு நடையிலும் எட்டு இருக்கையைப் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கினால் சாதாரண வரிசைக்கு மிஞ்சுவது 16, அதாவது மணிக்கு 320. அதே 240 பேருக்கு முக்கால் மணி நேரம் ஆகிவிடும். பாஸ் நிறைய விற்கும் நாளில் பாஸ் இல்லாதவர் இரட்டிப்பாக அடிபடுகிறார், கூட்டத்தாலும் பாஸாலும். அதனால்தான் நெரிசலான நாளில் பாஸுக்கு மதிப்பு ஏறுகிறது, காலியான நாளில் அது வெறும் கைப்பட்டை. வரிசை பத்து நிமிடம்தான் என்றால் நீங்கள் தாண்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

நாள் தேர்வு என்பது பாஸைவிடப் பெரிய பாஸ். சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். பெங்களூரில் அன்று வேலை நாள், பள்ளி நாள். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கலும் அப்படியே, அவை வார நாளில் வந்தால். நமக்கு விடுமுறை, அவர்களுக்கு இல்லை. தசரா சமயத்தில் தலைகீழ்: கர்நாடகப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை, அப்போது போனால் நமக்குத்தான் அவஸ்தை. நீங்கள் சொல்லும் மே மாதம் இரண்டு பக்கமும் விடுமுறை. செவ்வாய், புதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதான் முடியும் என்றால், பெரிய ரைடுகளில் ஏறுபவர்களுக்கு மட்டும் ஃபாஸ்ட் டிராக் எடுங்கள். அது சாதாரண டிக்கெட்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வரும். எந்தெந்த ரைடுக்கு, எத்தனை தடவை என்ற பட்டியலைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. எப்போது பயன்படுத்துவது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கதவு திறந்ததும் பாஸை நீட்டிக்கொண்டு ஓடுவார்கள். முதல் ஒரு மணி நேரம் பாஸ் தேவையே இல்லை. மறுபடி ஏற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதுக்குப் படகு இல்லத்தில் இருந்தால் நேராக ஏறலாம். பதினொரு மணிக்கு அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி எல்லா வண்டிகளும் வந்து சேரும், அப்புறம் நிற்க இடம் கிடைக்காது. பூங்காவிலும் கூட்டம் இப்படித்தான் ஊறி வரும். திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் வாசலில் நில்லுங்கள். உள்ளே போனதும் நுழைவாயில் பக்கத்து ரைடுகளை விட்டுவிட்டுக் கடைக்கோடிக்குப் போங்கள். அங்கே இரண்டு மூன்று பெரிய ரைடுகளைச் சாதாரண வரிசையிலேயே முடித்துவிடலாம். ரைடுக்கு ஒரு முறைதான் என்கிற பாஸை உச்சி வேளைக்கு, பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்குமான நேரத்துக்கு மிச்சம் வையுங்கள். அந்த நேரத்தில் எந்த வரிசை மிக நீளமோ அதில் செலவழியுங்கள். பத்து நிமிட வரிசையில் பாஸைக் காட்டுவது வெள்ளிப் பொடியைக் கூட்டிக் குப்பையில் கொட்டுவது மாதிரி. கடைசி ஒரு மணி நேரமும் கூட்டம் கலையும், பிடித்த ரைடில் இரண்டாம் தடவை ஏற அதுதான் நேரம்.

பாஸ் தாண்டாத வரிசைகளும் உண்டு. லாக்கர், உடை மாற்றும் அறை, சாப்பாடு. நம் பக்கத்துப் பூங்காக்களில் நாளைத் தின்பது பெரும்பாலும் இவைதான். தண்ணீரில் இறங்க நைலான் மாதிரி துணிதான் வேண்டும், பருத்தியோடு விடமாட்டார்கள். ஈரத்தோடு மற்ற ரைடுகளில் ஏற்றவும் மாட்டார்கள். எனவே உலர்ந்த ரைடுகள் எல்லாம் முதலில், தண்ணீர் கடைசியில், உடை மாற்றுவது ஒரே தடவை. உடையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். சாப்பாட்டைப் பன்னிரண்டுக்குள் முடியுங்கள். எங்கள் வீட்டில் வேனில் இறங்குவதற்கு முன்னால் ஆளுக்கு நாலு இட்லி கட்டாயம்.

சிங்கப்பூருக்கு வருகிறேன். அங்கே எக்ஸ்பிரஸ் என்பது நுழைவு டிக்கெட்டுக்கு மேல் தனி விலை. ரைடுக்கு ஒரு முறை ஒன்று, எத்தனை தடவையானாலும் போகலாம் என்பது இன்னொன்று. கூட்ட நாளில் விலை ஏறும். பூங்கா பெரியதில்லை, ஆகவே ஒரு முறை வகையே போதும், அதுவும் சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் மட்டும். முன்கூட்டியே வாங்கும் முன் வானத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிற்பகல் இடிமழை சகஜம், மின்னல் வந்தால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

நான் போனது கொழுந்தியாள் வீட்டுக்கு, ஒரு புதன்கிழமை. பாஸ் வாங்கவில்லை. பெரிய ரைடுகள் சிலவற்றில் ஒற்றையாள் வரிசை என்று ஒன்று இருக்கிறது, காசு இல்லை. காலியாக மிஞ்சும் ஒற்றை இருக்கைகளில் அந்த வரிசையிலிருந்து ஆளை எடுத்துப் போடுவார்கள். பக்கத்தில் யார் உட்காருவார் என்று கேட்கக் கூடாது, அவ்வளவுதான். நானும் மகளும் அப்படியே ஏறினோம், அவள் முன் வரிசையில், நான் கடைசியில். குட்டிக் குழந்தை இருந்தால் கணவன் மனைவி மாறி மாறி ஏறும் சைல்டு ஸ்விட்ச் வசதியைக் கேளுங்கள். ஒருவர் ஏறி இறங்கியதும் மற்றவர் திரும்ப வரிசையில் நிற்காமல் போகலாம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டால் பலருக்குப் பாஸே தேவைப்படாது.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி. டிஸ்னியில் 1999-இல் இலவசமாக ஆரம்பித்த ஃபாஸ்ட்பாஸ் இப்போது இல்லை. 2021-இல் ஜீனி பிளஸ் என்று காசுக்கு வந்து, 2024-இல் லைட்னிங் லேன் என்று பெயர் மாறிவிட்டது. ஆர்லாண்டோ யுனிவர்சலில் போர்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிபிக் என்ற மூன்று ஹோட்டல்களில் தங்கினால், அங்குள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சர் என்ற இரண்டு பூங்காக்களுக்கான எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் அறையோடு சேர்ந்தே வரும். ஒரு ராத்திரி தங்கினாலும் வரும் நாள், கிளம்பும் நாள் இரண்டுக்கும் செல்லும். நாலு பேர் குடும்பமாகப் போகிறவர்கள் பாஸ் விலையையும் அறை வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

போன ஆடியில் உள்ளூர் விடுமுறையன்று நாங்கள் நாலு பேர் மறுபடி பெங்களூர்ப் பக்கம் போனோம். ஒரு பாஸும் வாங்கவில்லை. பையன் இப்போது 143. மூன்று மணிக்குள் அவன் கேட்ட ரைடெல்லாம் முடிந்து, ஒன்றில் மூன்று தடவை ஏறினான். தொப்பூர்க் கணவாய் இறங்கும்போது இரவு மணி பத்தரை. மிச்சமான பணத்தை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மாதான், கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற அன்றைக்கு ஊரில் இல்லாமல் போனதை இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.