ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது? தொடக்கப் பள்ளி ஆசிரியரிடம் கேள்வி பதில்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 24 வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் பாதிக்கு மேல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள்தான். பிள்ளைகளின் முன்னேற்றத்தை ஒவ்வொருவராகக் கவனித்துக் குறித்து வைப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

டீச்சர், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இரண்டாம் வகுப்பில் 34 பிள்ளைகள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனி என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

34 பேரையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஏழு பேர். வெள்ளிக்கிழமை வரும்போது வகுப்பு முழுவதையும் பார்த்து முடித்திருப்பீர்கள். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். மேசைக்கு முன்னால் நிற்க வைக்க வேண்டாம். பரீட்சை என்று நினைத்துக் குரலே எழும்பாது. பாயில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

ஒரு நீள நோட்டு வாங்கி, பிள்ளைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, என்ன வாசித்தது, எங்கே தடுக்கியது. இந்த மூன்று போதும்.

நானும் எழுதுகிறேன் டீச்சர். ‘நன்று’, ‘சுமார்’, ‘முன்னேற வேண்டும்’ என்று எழுதுகிறேன். ஆனால் திரும்பப் பார்த்தால் ஒன்றும் புரிவதில்லை.

புரியாதுதான். ‘சுமார்’ என்பதைப் படித்துவிட்டு நாளை காலையில் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்? மதிப்பை எழுதாதீர்கள், தவறை எழுதுங்கள். பிள்ளை வாய்விட்டுச் சொன்னது எப்படியோ அப்படியே எழுதுங்கள்.

ஒரு பையன் என்னிடம் மூன்றாம் வகுப்புக்கு வந்தான். முந்தைய இரண்டு வருடமும் ‘வாசிப்பு: சுமார்’. பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டபோது ‘பாடம்’ என்பதைப் ‘பரடம்’ என்றான். ‘கொடி’ என்பதைக் ‘கெரடி’ என்றான். துணைக்கால் அவன் கண்ணுக்கு ‘ர’வாகத் தெரிந்திருக்கிறது! மற்ற எழுத்துகள் பெரும்பாலும் தெரியும். இந்த ஒன்றில்தான் ஒவ்வொரு வரியிலும் விழுந்துகொண்டிருந்தான். ‘பரம், பாரம்’, ‘கரம், காரம்’ என்று ஜோடி ஜோடியாக எழுதிப் பழக்கினோம். பத்து நாளில் சரியானது. இரண்டு வருடம் அந்தப் பிள்ளை மக்கு என்ற பெயரோடு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் மனது வலிக்கிறது.

தமிழ் வாசிப்பில் நான் குறிப்பது வரிசை வரிசையாக. ஆகார வரிசையில் கா, சா, தா என எல்லாவற்றுக்கும் ஒரே கால்தான். பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். உகர வரிசை அப்படியில்லை. கு, சு, து, மு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். அதனால் உகர, ஊகார வரிசைகளை மட்டும் எழுத்து எழுத்தாகக் குறிக்கிறேன். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இன்னொரு இடம். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் குறி. பெரியவர்களுக்குப் பழகிவிட்டதால் இதன் கஷ்டம் தெரிவதில்லை.

கணக்குக்கும் இதே முறைதானா?

இதே முறைதான், ஒரு கேள்வி மட்டும் கூட. “எப்படிப் போட்ட, சொல்லு பார்ப்போம்.”

52இல் 27 போனால் 35 என்று ஒரு பிள்ளை எழுதும். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிப்போம். கேட்டால் தெரியும்: 2இல் 7 போகாது என்று, 7இல் 2ஐக் கழித்திருக்கும். ‘பெரியதில் சின்னது போகும்’ என்று தனக்கே ஒரு விதி வைத்திருக்கிறது. இன்னொரு பிள்ளை முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதும். 300 எழுதி, அதன் பின்னால் 5. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது. மூன்றாவது பிள்ளைக்குத் தொண்ணூற்றெட்டு சொன்னால் 108 எழுதும். இருபதிலிருந்து எண்பது வரை ‘பது’ என்று முடிந்துவிட்டு, தொண்ணூறு மட்டும் ‘நூறு’ மாதிரி ஒலித்தால் அது என்ன செய்யும்?

மூன்று பேருக்கும் மதிப்பெண் ஒன்றுதான், பூஜ்யம். ஆனால் முதல் பிள்ளைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாவதுக்கு இடமதிப்பு அட்டை. மூன்றாவதுக்குக் கணக்கே சொல்லித்தர வேண்டாம், எண்ணின் பெயரைப் பழக்கினால் போதும்.

ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. 1 முதல் 3 வரை மூன்று வகுப்பும் என்னிடம். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு, கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை) என்று பிரித்துத்தான் நடத்துகிறோம், செயலியிலும் பதிகிறோம். அதற்கு மேல் ஒரு நோட்டு எதற்கு மேடம்?

உங்கள் வேலைச்சுமை எனக்குத் தெரியும். ஆனாலும் நோட்டு வேண்டும் என்றுதான் சொல்வேன்.

2022இல் 1 முதல் 3 வகுப்புகளுக்கு இந்தத் திட்டம் வந்தபோது எனக்குப் பிடித்தது, வகுப்பை விட்டுவிட்டுப் பிள்ளை நிற்கும் நிலையைப் பார்த்தது. ஆனால் அரும்பு என்பது ஒரு பெரிய அறை. எழுத்தே தெரியாத பிள்ளையும் அதில் இருக்கும், கொம்பு மட்டும் தெரியாத பிள்ளையும் இருக்கும். அடுத்த படி எது என்பதை நோட்டுதான் சொல்லும். ஜூன் மாதம் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை பிப்ரவரியிலும் அங்கேயே இருந்தால், யாரும் நடுவில் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரே பிள்ளை தமிழில் மொட்டாகவும் கணக்கில் அரும்பாகவும் இருக்கலாம், அதையும் மறக்கக் கூடாது.

முன்பு, அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே படிப்படியாகக் கற்ற செயல்வழிக் கற்றலில் ஏணிப்படி இருந்தது நினைவிருக்கிறதா? அடுத்து எந்த அட்டை என்று பிள்ளையே பார்த்து எடுத்துக்கொள்ளும். தான் எங்கே நிற்கிறோம் என்று பிள்ளைக்கே தெரிந்தது. அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. “போன வாரம் கொம்பில் தடுக்கினாய், இன்று தடுக்கவில்லை” என்று நோட்டைக் காட்டிச் சொல்வேன்.

செயலிப் பதிவை நோட்டைப் பார்த்து மொத்தமாக ஒரு நாள் போட்டுவிடுங்கள். பிள்ளை வாசிக்கும்போது கையில் போன் வேண்டாம்.

நான் ஒரு அம்மா. மகள் நாலாம் வகுப்பு. கார்டில் நல்ல கிரேடு வருகிறது, ஆனால் வீட்டில் ஒரு கதையை முழுசாக வாசிக்க முடியவில்லை. டீச்சரிடம் எப்படிக் கேட்பது?

“எத்தனை மார்க்?” என்பதை விட்டுவிட்டு, “எதைத் தானாக வாசிக்கிறாள், எங்கே நின்றுவிடுகிறாள்?” என்று கேளுங்கள். தயங்க வேண்டாம். ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் கடமை என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவே சொல்கிறது. பெற்றோரைச் சந்தித்து முன்னேற்றத்தைச் சொல்வதும் அதே பிரிவில் இருக்கிறது.

அக்கா, நான் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், பள்ளி முடிந்த பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். சாயந்திரம் வரும் பிள்ளைகள் எந்த நிலை என்றே தெரியவில்லை.

பள்ளிக்கு ஒருமுறை போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள் தங்கச்சி. முடியாவிட்டால் முதல் வாரம் பாடமே வேண்டாம். கதைப் புத்தகங்களைப் பரப்பி வையுங்கள். எதை எடுக்கிறார்கள், படம் மட்டும் பார்க்கிறார்களா, விரல் வைத்து வாசிக்கிறார்களா என்று பாருங்கள்.

எங்கள் ஊரில் பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடுகின்றன. ஜூனில் திரும்பும் பிள்ளைகளை எங்கே சேர்த்துப் பார்ப்பது?

நோட்டு அதிகம் உதவுவது இந்தப் பிள்ளைகளுக்குத்தான். போகும் முன் அந்தப் பிள்ளையின் பக்கத்தைச் சுருக்கி ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். சூளைக்குப் பக்கத்தில் ஏதாவது பள்ளியில் சேர்த்தால் அந்த ஆசிரியருக்கு வழி தெரியும். திரும்பி வந்ததும் வகுப்புப் புத்தகத்தைப் பிரிக்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து இரண்டு படி கீழே ஆரம்பியுங்கள். முதல் நாள் அதற்குத் தெரிந்ததை வாசிக்கட்டும்.

பெயர் எழுதி, நட்சத்திரம் ஒட்டி, சுவரில் அட்டவணை மாட்டலாமா?

வேண்டாம். நான் மாட்டியிருக்கிறேன். ஒரு பெண் பிள்ளை தினமும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரும். எனக்கு அது புரியவே ஒரு பருவம் ஆயிற்று. அன்றே கழற்றிவிட்டேன்.

ஏப்ரல் முடிந்ததும் நோட்டை என்ன செய்வீர்கள்?

அடுத்த வகுப்பு ஆசிரியருக்குக் கொடுத்துவிடுவேன். கொடுக்கும்போது, பிள்ளைக்கு ஒரு வரி வீதம் வாயாலும் சொல்லிவிடுவேன்: “இவளுக்கு ஊகாரம் இன்னும் வரவில்லை, இவனுக்குக் கடன் வாங்கிக் கழிப்பது வரவில்லை, இவன் பேசவே ஒரு மாதம் எடுத்துக்கொள்வான், அவசரப்படுத்தாதீர்கள்.”