வெளிநாட்டு ஆர்டர்: வரியை யார் கட்டுவது?

கேள்வி: துணிப் பைகளை இணையத்தில் விற்கிறேன். வெளிநாட்டு ஆர்டர்கள் வர ஆரம்பித்ததும் விற்பனை கூடியது, கையில் நிற்கும் பணம் கூடவில்லை. கூரியர் பில் நான் போடும் கணக்கைத் தாண்டியே வருகிறது. சிலர் வாசலில் வரி கேட்டதும் பார்சலை வாங்க மறுத்துவிடுகிறார்கள். வரியையும் நானே கட்டி டி.டி.பி. முறையில் அனுப்பலாமா? இலவச டெலிவரி என்று போடலாமா?

பதில்: முதலில் கூரியர் பில். நீங்கள் தராசில் வைத்துப் பார்க்கும் எடைக்கு மட்டும் அவர்கள் பில் போடுவதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது வால்யூமெட்ரிக் எடை. பெரிய எக்ஸ்பிரஸ் கூரியர்கள் பொதுவாக இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். இதில், நிஜ எடையில், எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 40 × 30 × 25 பெட்டியில் 2 கிலோ பைகளை வைத்தால் பில் 6 கிலோவுக்கு வரும். அதே பைகளை மடித்து அழுத்தி 35 × 25 × 15 பெட்டியில் அடக்கினால் 2.6 கிலோ சொச்சம்; மேல்நோக்கி முழுமையாக்கினாலும் 3 கிலோதான். பாதிக்குப் பாதி! கூரியரிடம் தள்ளுபடி கேட்பதற்கு முன்னால் பெட்டியை மாற்றுங்கள். அப்புறம் எரிபொருள் சர்சார்ஜ், தொலைதூரப் பகுதிக் கட்டணம் இரண்டும் அடிப்படைக் கட்டணத்துக்கு மேலே வருபவை. கொட்டேஷன் வாங்கும்போதே அவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது வரி. உங்கள் பணம் அதிகம் கரைவது இங்கேதான் என்று நினைக்கிறேன். எந்தச் செலவு விற்பவருக்கு, எது வாங்குபவருக்கு என்று பிரித்துச் சொல்பவை சர்வதேச வர்த்தக சபை வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் விதிகள். இன்கோடெர்ம்ஸ் 2020-இல் 11 விதிகள் இருந்தாலும் உங்களுக்கு இரண்டு போதும். டி.ஏ.பி. என்றால் சரக்கை முகவரி வரை கொண்டுசேர்ப்பது உங்கள் செலவு, இறக்குமதி வரி வாங்குபவர் பொறுப்பு. டி.டி.பி. என்றால் வரியும் உங்கள் தலையில்.

வரி எவ்வளவு வரும்? பல நாடுகளில் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் சுங்க வரி போடுவார்கள். பொருள் 100, அனுப்பும் செலவு 30, சுங்க வரி 10% என்று வையுங்கள். வரி 13 ஆகிறது. இந்த 143-க்கு மேல் 20% வாட் (நம் ஜி.எஸ்.டி. போன்ற மதிப்புக் கூட்டு வரி) போட்டால் இன்னொரு 28.60. ஆக, 130 கட்டிவிட்டோம் என்று நினைத்திருந்தவரிடம் வாசலில் 41.60 கேட்கிறார்கள். போதாக்குறைக்கு, வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு கூரியரின் சேவைக் கட்டணம் வேறு. யாராக இருந்தாலும் கோபம் வரத்தான் செய்யும். பார்சல் திரும்பினால் போக, வர இரண்டு செலவும் உங்களுடையது.

சின்ன பார்சல்தானே, வரி இருக்காது என்று இனி நம்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான வாட் விலக்கை 2021 ஜூலையில் நீக்கிவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான வரி விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது.

ஆகவே தனிநபர் வாடிக்கையாளருக்கு டி.டி.பி. சரி. ஆனால் அந்த வரி உங்கள் லாபத்திலிருந்து போகக் கூடாது. பணம் கட்டும் பக்கத்திலேயே வரியையும் சேர்த்து ஒரே தொகையாக வாங்கிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 150 யூரோ வரையிலான ஆர்டர்களுக்கு ஐ.ஓ.எஸ்.எஸ். (இறக்குமதி வாட்டை விற்பவரே வசூலித்துக் கட்டும் திட்டம்) பதிவு இருந்தால் வாட்டை விற்கும்போதே வசூலித்துவிடலாம். மொத்தமாக வாங்கும் கடைக்காரருக்கு மட்டும் டி.ஏ.பி. வையுங்கள். இறக்குமதி தன் பெயரில் நடந்தால், பதிவு பெற்ற வணிகர் அந்த வாட்டைத் தன் கணக்கில் திரும்பப் பெறலாம். நீங்கள் கட்டினால் அது பெரும்பாலும் இருவருக்கும் நஷ்டம்.

‘பரிசு’ என்று எழுதி அனுப்புங்கள், விலையைக் குறைத்துப் போடுங்கள் என்று சிலர் கேட்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது பொய்யான சுங்க அறிவிப்பு. பார்சல் தொலைந்தாலும் நீங்கள் எழுதிய அந்தக் குறைந்த விலைதான் கணக்கில் நிற்கும்.

காப்பீடு இல்லாமல் விலை உயர்ந்த சரக்கை அனுப்பவும் வேண்டாம். விமானச் சரக்குக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை தரும் இழப்பீடு எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரைதான். லேசான, விலை கூடிய பைகளுக்கு அது எந்த மூலைக்கு?

இலவச டெலிவரி எல்லா நாட்டுக்கும் வேண்டாம். அதிக ஆர்டர் வரும் ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்று பைகள் சேர்த்து வாங்கினால் இலவசம் என்று வையுங்கள். இரண்டாவது, மூன்றாவது பைக்குக் கூடுதலாகும் கூரியர் செலவு முதல் பைக்கு ஆவதைவிடக் குறைவாகவே இருக்கும். அதைத் தொடங்குமுன் உங்கள் பையின் ஹெச்.எஸ். கோடை, அதாவது சுங்கத்துறை பொருளை வகைப்படுத்தும் எண்ணை, சரிபாருங்கள். பருத்தியா, தோலா, பிளாஸ்டிக்கா என்பதைப் பொறுத்து வரி விகிதம் மாறும். கூரியர் ஊழியர் தோராயமாகப் போடும் எண்ணை அப்படியே விட்டுவிட வேண்டாம்.