உடம்பு, ஆசை, காசு, சாமி: கேட்டதுக்கெல்லாம் பதில்

அறம் பொருள் இன்பம் வீடு பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொன்னேன், எல்லாரும் உடம்புலயே வந்து நிக்கிறீங்க. சரி, அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

அண்ணா, உடம்பு வெறும் அழுக்கு மூட்டைன்னு சத்சங்கத்துல சொல்றாங்க. ஜிம்முக்குப் போறது தப்பா?

பட்டினத்தாரைக் கேட்டா அப்படித்தான் சொல்வாரு. திருமூலர் நேர் எதிர். முன்னாடி உடம்பை இழுக்குன்னு நெனச்சேன், உள்ளயே உத்தமன் கோயில் கொண்டிருக்கான்னு தெரிஞ்சப்புறம் பேணிக் காக்குறேன்கிறாரு, திருமந்திரம் மூணாம் தந்திரத்துல, அதாவது மூணாம் பகுதியில. மூச்சுப்பயிற்சி, ஆசனம்லாம் சொல்றதும் அதே தந்திரத்துலதான். தாராளமா போங்க தம்பி.

வயசு 22. சுயஇன்பம் உண்டு, தூக்கத்துலயும் போயிடுது. ஒரு சொட்டு விந்து பல சொட்டு ரத்தம்னு டிவி வைத்தியர் சொல்றாரு. முதுகு வலிக்குது, பயமா இருக்கு.

மொதல்ல அந்த டிவிய ஆஃப் பண்ணுங்க. சித்த மருத்துவத்துல உடற்கட்டு ஏழு, சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, கடைசியா சுக்கிலம், அதாவது விந்து, சாப்பாட்டோட சாரம் ஒவ்வொண்ணா மாறி கடைசியிலதான் சுக்கிலம் ஆகுதுன்னு கணக்கு, அதைப் புடிச்சுக்கிட்டுதான் ராத்திரி 11 மணிக்கு உக்காந்து லேகியம் விக்கிறாங்க. நெசத்துல விந்துல பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்குற திரவம், விந்தணு ரொம்பக் கொஞ்சம், அதுவும் தெனமும் புதுசா உற்பத்தி ஆகிட்டே இருக்கும். ரத்தம் ஒண்ணும் கொறையாது. இந்தப் பயத்தாலயே சோர்வு, வலி, தூக்கமின்மைன்னு வர்றவங்க அவ்ளோ பேரு, 1960லயே மனநல டாக்டர் என்.என்.விக் இதுக்கு தாத் சிண்ட்ரோம்னு பேரு வச்சுட்டாரு. எரிச்சலோ ரத்தமோ இருந்தா யூராலஜி டாக்டரைப் பாருங்க, பயம் விடலைன்னா மனநல டாக்டர். லேகியத்துக்குப் பணம் கட்டாதீங்க.

காசு ஆசை இருந்தா ஆன்மீகம் வராதா சார்?

குறள்ல பொருட்பால் 70 அதிகாரம், அறத்துப்பால் 38தான். வீடுங்கிற மோட்சத்துக்குன்னு தனிப் பாலே கெடையாது, துறவறத்தை அறத்துக்குள்ளயே 13 அதிகாரத்துல வச்சுட்டாரு. அருள் இல்லாதவனுக்கு அந்த உலகம் இல்ல, பொருள் இல்லாதவனுக்கு இந்த உலகம் இல்லன்னு ஒரே குறள்ல ரெண்டையும் சொல்றாரு. சம்பாதிங்க சார், யாரு வேணாம்னா.

வீட்டுக்காரர் தியான வகுப்பு போனதுலருந்து கிட்டயே வர்றதில்ல. பிரம்மச்சரியமாம். எனக்கு வயசு 34. கேட்டா உனக்கு பக்குவம் இல்லைங்கிறாரு.

பக்குவம் இல்லாதது யாருக்குன்னு எனக்குத் தெரியுதும்மா. கல்யாணம் ஆனவர் இதைத் தனியா முடிவு பண்ண முடியாது, உங்க சம்மதமும் வேணும்.

திருநீலகண்ட நாயனார் கதைய அவருக்குச் சொல்லுங்க. தில்லையில, அதாவது சிதம்பரத்துல, மண்பாண்டம் செஞ்சவரு. பரத்தை வீட்டுக்குப் போயிட்டு வந்தாருன்னு பொண்டாட்டி சாமி மேல ஆணை வச்சு தொடாதேன்னுட்டாங்க, அதுலருந்து ஒரே வீட்டுல ஊருக்குத் தெரியாம தொடாமலே கெழவன் கெழவி ஆயிட்டாங்க. சிவன் யோகி வேஷத்துல வந்து, குடுத்து வச்ச திருவோடு காணாமப் போச்சுன்னு வம்பிழுத்து, நீ எடுக்கலன்னா பொண்டாட்டி கையப் புடிச்சு குளத்துல முங்கி சத்தியம் பண்ணுங்கிறாரு. இவங்க மூங்கில் கழியோட ரெண்டு நுனியப் புடிச்சு முங்குறாங்க. எந்திரிக்கும்போது ரெண்டு பேருக்கும் இளமை திரும்பிடுச்சு. ஐம்புலனை ஜெயிச்சவங்கன்னு பாராட்டுன சிவனே, கெழவன் கெழவியா விடாம, இந்த இளமையோடவே எங்கிட்ட இருங்கன்னுதான் சொல்றாரு பாருங்க. சிதம்பரத்துல இளமையாக்கினார் கோயில் இன்னைக்கும் இருக்கு.

அவரை ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போங்க. அதுக்கும் மசியலைன்னா தம்பதியா கவுன்சிலிங் போங்க, இல்ல அவரையே இங்க கேள்வி கேக்கச் சொல்லுங்க.